முன்பல்லும் ஒரு பிடி ஏலக்காயும்

எழுபதுகளில் வண்டன்மேட்டு ஏலக்காய்ச் சந்தையில் தரம் பார்ப்பது என் வேலை. கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. காயை முன்பல்லால் கடித்து உலர்வைச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் கல்பாத்தி. முப்பத்தைந்து வயது, ஒற்றை அறை, தனிச் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்டதில்லை.

வேர்ச் சிகிச்சை செய்திருந்த முன்பல் ஒருநாள் ஈறோடு முறிந்தது. பெண் பார்க்கப் போக ஒரு வாரம்தான் இருந்தது. சனியன், நேரம் பார்த்து முறிந்தது!

குமுளிப் பல் டாக்டர், தலையில் புதுப் பல் வைத்த உலோகக் குச்சி ஒன்றை வேருக்குள் பொருத்த ஏற்பாடு செய்தார். ஊருக்குப் புறப்படும் நாள் காலையில்தான் அது தயாரானது. துளையைப் பஞ்சால் உலர்த்தி, கண்ணாடித் தகட்டில் சிமெண்ட் குழைத்து, குச்சியை இறக்கினார்.

"எச்சி பட்டாப் பிடிக்காது சார், அசையாதீங்க. நாளை வரைக்கும் இதால எதையும் கடிச்சுறாதீங்க."

கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை ஜோர்தான் போங்கள்!

பஸ் மலையிறங்கும்போது பக்கத்து இருக்கையில் எனக்குத் தெரிந்த ஏலத்தோட்டக்காரர் ஒருவர். பையிலிருந்து ஒரு பிடி ஏலக்காயை நீட்டினார். "நல்லாக் காஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

கை தானாக வாய்க்குப் போய்விட்டது. பழக்கம் யாரைக் கேட்டு நடக்கிறது? கடக்கென்றது. உள்ளங்கையில் ஏலத்தோலும் குச்சியோடு பல்லும் கிடந்தன.

"காய் பரவாயில்லையா சார்?" என்றார் அந்தப் புண்ணியவான்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் வயதைச் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார்கள். பொக்கை வாயையும் காட்ட மனம் வரவில்லை. கல்பாத்தியில் பெண் வீட்டுக் கூடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்த பெண் தானாகவே கேட்டாள்: "அங்கே குளிர் ஜாஸ்தியோ?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. சன்னல் வழியே நுழையும் பனிமஞ்சு, காயவே காயாத போர்வை. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"மாப்பிள்ளைக்குக் கர்வம் ஜாஸ்தியாக்கும்," என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பியதும் டாக்டர் பழைய சிமெண்டைச் சுரண்டியெடுத்து மறுபடி ஒட்டினார். இந்த முறை ஒழுங்காகப் பிடித்தது. "எங்கே, சிரிங்க சார்!" சிரித்தேன். "ஜம்முனு இருக்கு," என்றார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஆமாம், இங்கே குளிர் ஜாஸ்திதான்," என்று சத்தமாகச் சொன்னேன்.