ஆகட்டுங்க தங்கவேலுவின் தாடை

தங்கவேலுவுக்கு 'வேண்டாம்' என்கிற சொல் வாயில் வரவே வராது. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முதலாளி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாலும் 'ஆகட்டுங்க', பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை இரவல் கேட்டாலும் 'ஆகட்டுங்க'. "எமனே வந்து கூப்புட்டாலும் ஆகட்டுங்கன்னு செருப்ப மாட்டீட்டுக் கெளம்பீருவீங்க" என்பாள் மனைவி மயிலாத்தாள்.

எமனும் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தான். தொண்ணூறாம் வருஷம் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். புகையிலை செய்த உபகாரம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நோய் போயே போய்விட்டது. அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கரண்டு வெச்ச தாடைங்க. எங்களக் கேக்காம அந்தப் பக்கம் பல்லப் புடுங்கீராதீங்க. புகையிலையும் ஆகாது."

"ஆகட்டுங்க" என்றார். காசு கொடுத்துப் புகையிலை வாங்குவதை அன்றோடு விட்டார். யாராவது நீட்டினால் மட்டும் போட்டுக்கொள்வார். நீட்டாத ஆள்தான் ஊரில் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் வலித்தது. சேவூரிலிருந்து வந்திருந்த மச்சான் சுப்பையன், மயிலாத்தாளின் அண்ணன், விடவில்லை. "நமக்கு வேண்டிய பல் டாக்டர் இருக்காரு மாப்ள. அஞ்சே நிமிசம், வாங்க." டாக்டரம்மா சொன்னது தங்கவேலுவுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் மச்சான் ஆசையாகக் கூப்பிடும்போது மறுத்தால் அவர் மனசு கோணாதா? போனார். கரண்டு வைத்த கதையைப் பல் டாக்டரிடம் மூச்சும் விடவில்லை. அட ஆண்டவனே, மரியாதைக்கும் ஒரு அளவு வேண்டாமா!

பல் இருந்த குழி ஆறவே இல்லை. மாதங்கள் போக, ஈறு விலகி எலும்பு வெளியே தெரிந்தது. கோயமுத்தூருக்கு ஓடினார்கள். கரண்டு பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைச்சல், காயம் பட்டால் தானாகத் தேறாது, அந்த இடம் செத்துப்போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். மருந்து, உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பு, குழைத்த அரிசிம்பருப்புச் சோறு என்று மெல்ல மெல்ல ஈறு மூடியது. "இனி ஒருக்காப் புகையிலை போட்டீங்கன்னா, மீதித் தாடைக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்த மாதமே சுப்பையன் மகளுக்கு நிச்சயம். சாப்பாடு முடிந்ததும், சம்பந்தி வீட்டார் முன்னால் சுப்பையன் வெற்றிலையில் புகையிலை வைத்து மடித்து நீட்டினார். "ஒரே துணுக்குத்தான் மாப்ள. சபையில தட்டாதீங்க."

தங்கவேலுவின் கை தானாக நீண்டது. நாக்கு போய் அந்தப் புது ஈறைத் தொட்டுப் பார்த்தது. கை பாதி வழியில் நின்றது.

"வேண்டாமுங்க மச்சான்."

சுப்பையனின் முகம் சுண்டியது. "ஏனுங்க மாப்ள?"

"பல்லு புடுங்கக் கூடாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. உங்க மனசு நோகுமேன்னுதான் கூட வந்தேன். இதையும் வாங்குனா தாடையே போயிருமுங்க."

சுப்பையன் வெற்றிலையைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது, வாய் மட்டும் வைதது.

"அட கிறுக்கு மாப்ள! அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேன். ரெண்டு நாளு பேசியிருக்க மாட்டேன். மூணா நாளு நானே உங்க ஊட்டுக்கு வந்து சோறு கேட்டிருப்பேன். போன எலும்பு அப்பிடித் திரும்பி வருமாங்க?"