சித்தப்பா பேர் சொல்லாத ஒன்று

பாலவனத்தத்தில் எங்கள் வீட்டு ரேடியோவில் காலைச் செய்தி ஓடும்போது, அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு சொல்லில் தகராறு வரும். இலங்கைச் செய்தியில் 'தீவிரவாதிகள்' என்று வந்தால், அம்மாவின் அண்ணனான மாமா, "போராளிகள்" என்று உரக்கத் திருத்துவார். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு சொல்லும் ஒரே ஆட்களைத்தான் குறிக்கின்றன என்பதே வெகுநாள் எனக்குத் தெரியாது.

அங்கே அமைதி காக்கப் போன பட்டாளத்தில் அப்பாவின் தம்பியும் இருந்தார். சித்தப்பா ஊர் திரும்பியபோது வலது பாதம் இல்லை. ஒற்றையடிப் பாதையில் புதைத்திருந்த கண்ணிவெடி. அதன்பிறகு மாமா செய்தி நேரத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் அப்பாவின் சொல் மட்டும் மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, மாமா கொய்யாப்பழத்தோடு வந்தார். பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று அம்மா பயந்து, சீக்கிரமே சோறு போட்டுவிட்டாள். மாமா தட்டைப் பார்த்தபடியே சித்தப்பாவிடம் சொன்னார்: "மாப்ள, உங்களுக்கு இப்படிச் செஞ்சவனுகளப் போராளின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

சித்தப்பா சோற்றைப் பிசைந்தார். "நான் துப்பாக்கியோட போனேன், மச்சான். அவன் எனக்குன்னு வச்சான், எனக்குப் பட்டுச்சு. அது சண்டை. அதுல எனக்குக் கோவம் இல்ல."

மாமாவின் முகம் தெளிந்தது. அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஆனா சந்தைக்குப் போன பஸ்ஸுல குண்டு வச்சானுக. அதுல போனவுக கையில காய்கறிப் பைதான் இருந்துச்சு. அதைச் சண்டைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இப்போது அப்பா தலையாட்டினார். மாமா குனிந்துகொண்டார். ஆளுக்கொரு சொல் கிடைத்துவிட்டது, இனித் தகராறு இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சித்தப்பா அதோடு நிறுத்தவில்லை. "எங்க ஆளு ஒருத்தன் செத்த அன்னைக்கு, ஒரு வீட்டு ஜன்னல் வழியா நான் சுட்டேன். உள்ள யாருன்னு பாக்கல. பொறகுதான் போய்ப் பாத்தேன்."

அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அதுக்குப் பேரு என்ன, சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெடிச் சத்தத்தில் அவருக்கு இடது காது மந்தம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று பாவாடையைச் சேர்த்துப் பிடித்து எழுந்து, அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே கேட்டேன்.