தாய்மாமனை விசாரித்தவர்

என் கணவரின் இரண்டு பழைய வேட்டிகள். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தவை. அவற்றைச் சதுரமாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, ஒரு மஞ்சள் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். பிரசவ வார்டின் தலைமைச் செவிலியான நான் வீட்டிலிருந்து துணி சுமந்துகொண்டு போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த ஈராக்குப் பெண்ணுக்கு இங்கே யார் இருந்தார்கள்? கணவன் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவள் பெட்டியைத் திறந்தால் எல்லாம் கடையில் வாங்கிய புதுத்துணி, கழுத்தில் உறுத்துகிற லேஸ் வேறு. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் கிடத்த வேண்டும், புதுத்துணி பிறகுதான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியதை நாம் செய்வோமே என்று எனக்கு ஒரே பெருமை.

அவளோடு பேசுவதற்கு பாயைத்தான் கூப்பிட்டோம். உக்கடத்தில் அத்தர் கடை வைத்திருந்தவர். அரபு நாடுகளில் பல வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்தவர். அரபு நோயாளிகள் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் போகும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். மொழிபெயர்க்க வந்தவர் மொழிபெயர்ப்போடு நிற்பாரா? மாட்டார். ஊர் எது, உறவு எது, என்ன சாப்பிடுவீர்கள் என்று பெண் பார்க்க வந்தவர்போல விசாரிப்பார். "ஏனுங்க பாய், காய்ச்சல் இருக்குதான்னு மட்டும் கேளுங்க, குலங்கோத்திரம் எல்லாம் எதுக்குங்க?" என்று நான் சிடுசிடுப்பேன். "கேட்டுப்போட்டா என்னங்க சிஸ்டர், வாயா தேஞ்சு போகுது?" என்பார்.

மூன்றாம் நாள் காலை குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் வருவது புதிதில்லை, நீல விளக்கின் கீழ் வைத்தோம். நான்காம் நாள் மஞ்சள் பாதம் வரை இறங்கிவிட்டது. குழந்தை பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. பரிசோதனையில் ரத்த அளவு சரசரவென்று இறங்கியிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒன்றுதான், கிருமித் தொற்றும் இல்லை. பிறகு ரத்தம் ஏன் உடைகிறது என்று குழந்தை டாக்டருக்கே பிடிபடவில்லை. மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டால் பிள்ளை பிழைத்தாலும் பிழைப்பாக இருக்காது.

ரத்தத்தை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்ல, கணவன் ரத்த வங்கிக்கு ஓடினான். அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணைத் தேற்ற பாய் தன் வழக்கப்படி ஆரம்பித்தார். அவர் கேட்டது என்ன தெரியுமா? பிள்ளையின் தாய்மாமனை! நம் ஊரில் பிள்ளை பிறந்தால் முதலில் கேட்கிற ஆள் அவர்தானே. மாமன் சௌக்கியமா, தகவல் சொல்லியாச்சா என்று கேட்டிருக்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பாயின் முகம் மாறிவிட்டது.

"டாக்டர், இவங்க அண்ணனுக்குச் சின்னதுல மொச்சை மாதிரி ஒரு பயறு தின்னு இதேமாதிரி மஞ்சளாயி, ஒண்ணுக்கு கருப்பாப் போயி, செத்துப் பொழைச்சாராமுங்க. நான் இருந்த ஊருலயும் அந்தப் பயறு நோவு உண்டுங்க. அங்கெல்லாம் பொறந்த கொழந்தைக்கே டெஸ்ட் பார்த்துப்போடுவாங்க."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் நோய் அது. தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும். பாடத்தில் படித்ததுதான். அரபு நாட்டுக் குழந்தைகளுக்கு அது அதிகம் என்பது படித்த எங்களுக்கு நினைவில் இல்லை, அத்தர் விற்கிற பாய்க்கு இருந்தது. டாக்டர் உடனே பரிசோதனைக்கு அனுப்பினார். "ஆனா இந்தப் பச்சைக் கொழந்தை பயறு தின்னலையே. வேற ஏதோ தூண்டியிருக்கு. மருந்து ஏதாவது? அந்துருண்டை வெச்ச துணி ஏதாவது?"

என் பீரோவில் அந்த வேட்டிகளின் மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டு வைத்தது நான். பூச்சி அரிக்காமல் காப்பாற்றிய என் சாமர்த்தியம்! எடுத்ததும் துவைத்தேனா? இல்லை, மடிப்பு கலையக்கூடாதென்று இஸ்திரி மட்டும் போட்டேன். அந்தத் தாய்க்குப் பயற்றைப் பற்றித் தெரியும், அந்துருண்டையைப் பற்றித் தெரியாது. எனக்கு அந்துருண்டை தெரியும், நோய் தெரியாது. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு அந்தத் துணிகளைச் சுருட்டி எறிந்துவிடலாமா என்று தோன்றியது உண்மை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிள்ளை அப்போதும் அந்தத் துணியின் மேல்தான் கிடந்தது. எடுத்தேன், மூக்கில் வைத்தேன், டாக்டரிடம் நீட்டினேன்.

"பாய், அவகிட்டச் சொல்லுங்க. துணி கொடுத்தது நான்தான். தெரியாம செஞ்சுபோட்டேன். மறைக்காம சொல்லுங்க."

பாய் சொன்னார். அவள் என்னையே பார்த்தபடி கேட்டாள். பிறகு அவள் பேசினாள், பேசினாள், மூச்சு வாங்கப் பேசினாள். அவள் முடித்ததும் பாய் என் பக்கம் திரும்பி, "பரவாயில்லைங்கறாங்க சிஸ்டர்" என்றார். "உங்களுக்குக் கை நடுங்குதுங்க. ரெண்டு நாளைக்கு இந்தக் கொழந்தைய வேற சிஸ்டரப் பார்த்துக்கச் சொல்லுங்க. போயி ஒரு டீ குடிங்க அம்மணி."

என் கை நடுங்குவதைக்கூடக் கவனித்தாரே என்று உருகி அழுதேவிட்டேன்.

அன்று மதியமே ரத்தம் மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தது, ஒரு குறையும் இல்லாமல். பரிசோதனையும் அந்த நோய்தான் என்றது. எந்த மருந்து ஆகாது, எந்தப் பொருள் ஆகாது என்று பாயே அரபியில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் எந்தத் தாய் வந்தாலும் இரண்டு கேள்விகள் உண்டு. பிள்ளையின் மாமனுக்கு மஞ்சள் வந்ததுண்டா, துணி எங்கே வைத்திருந்தது? கேட்கத் தொடங்கிய பிறகுதான் நம் ஊர்க் குழந்தைகளிலும் ஒன்றிரண்டு அகப்பட்டன. அரபு நாட்டு நோய் என்று அதற்குப் பாஸ்போர்ட் ஒன்றும் இல்லை.

போன மாதம் என் கைப்பேசியில் ஒரு செய்தி. அந்தப் பெண்தான். கணவனின் படிப்பு முடிந்து ஊர் திரும்பிய நாளில் என் எண்ணை வாங்கிப் போயிருந்தாள், இத்தனை வருஷம் ஒரு வார்த்தை இல்லை. கூடவே ஒரு படம்: பள்ளிச் சீருடையில் பையன், பக்கத்தில் மீசையோடு தாய்மாமன். கீழே, கைப்பேசியே தமிழாக்கிய கோணல்மாணல் தமிழில் நாலு வரி. 'அன்று உங்களைச் சபித்தேன். என் மகனை இனித் தொடாதே என்று சொன்னேன். அவர் உங்களிடம் சொன்னபோது நீங்கள் அழுதீர்கள். என்னை மன்னியுங்கள்.'

நேரே உக்கடத்துக்குப் போனேன். பாய்க்கு வயதாகிவிட்டது, கடையில் மகன் நிற்கிறான், இவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியை நீட்டி, "ஏனுங்க பாய், இப்படி ஏமாத்திப் போட்டீங்களே?" என்று சண்டைக்கு நின்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தார்.

"உங்க தப்ப அவங்களுக்குச் சொல்லித்தான் ஆகோணும், கொழந்தை உசுரு. சொல்லிப்போட்டேன். அவங்க திட்டுனத உங்களுக்குச் சொல்லியிருந்தா அடுத்த நாளு வேலைக்கு வந்திருப்பீங்களாங்க?"

வந்திருக்க மாட்டேன். அன்று மாலை ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அவள் சொன்னதாக அவர் சொன்ன 'பரவாயில்லை' என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அதைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் இந்தக் கை வழியாக வீடு போயின! எனக்கு மளுக்கென்று அழுகை வந்துவிட்டது. மகன் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினான்.

"பதில் போடோணுங்க பாய். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு நீங்களே பேசி அனுப்புங்க."

கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு அரபியில் பேசினார். நான் சொன்னது ஒரு வரி, அவர் பேசியது ஐந்து நிமிஷம். நடுவில் ஒரு முறை சிரித்தார். அனுப்பிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.