கேட்டில் ஒரு நாற்காலி

உப்பளம் பகுதியில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளிக்கு, இடம் கொடுத்த பெரியவரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் கட்டம்போட்ட கைலியுமாகத் தினமும் காலையில் வருவார். மணி அடித்ததும் கேட்டோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் எழுந்திருக்கும்வரை யாரும் கேட்டை மூட முடியாது.

"புள்ளைங்க நேரத்துக்கு வரப் பழக வேணாமா, பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரிய மார்க்கெட்ல அம்மாவுக்கு மீன் கூடைய எறக்கிக் குடுத்துட்டு வருதுங்க சார். லேட்டானாலும் இங்கதான வருதுங்க? பூட்டியிருந்தா எங்க போவும்?"

அவர் இறந்த அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டோம். விஷயம் தெரியாமல் தாமதமாக ஓடிவந்த இரண்டு பிள்ளைகள், அவருடைய பெயர்ப்பலகைக்குக் கீழே பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு நாங்கள் செய்த மரியாதை அதுதான்.