டொலறஸ் இளக்கிய துவக்கு

சமையலறை மேசையில் பழைய துவாயை விரித்து, அதன்மேல் ரவை ஏற்றாத துப்பாக்கியைக் கிடத்தி, அதன் அடிவளையத்தைத் தள்ளித் தள்ளி இழுக்கிறார் டொலறஸ். கண் என்னவோ எதிரே இருக்கும் கணவரின் வலக்கையில். "இன்னும் இறுக்கம்தான்" என்று முணுமுணுத்தபடி, இரும்பு உரசும் இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்க்கிறார். உரிமம் கணவர் பெயரில். அவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவேமாட்டார்.

புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரியில் எல்லோருக்கும் இவரைத் தையல்காரியாகத்தான் தெரியும். "ஊரிலை துவக்குச் சத்தத்துக்கு விழுந்தடிச்சு ஓடின நான், இஞ்சை துவக்குக்கு எண்ணெய் போடுறன்" என்று சிரிப்பார்.

கணவர் செபமாலைமுத்து தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் குறிசுடும் கிளப். தொண்ணூற்றோராம் ஆண்டு பாரிசவாதம் வந்து வலக்கை சோர்ந்தது. அடுத்த ரவையை ஏற்றப் பழைய துப்பாக்கியின் குமிழை விரலால் பிடித்துத் திருப்ப முடியவில்லை. கிளப்பை விட்டார். பிறகு சவரத்தை விட்டார். பேச்சும் குறைந்தபோதுதான் டொலறஸ் கலங்கிப்போனார்.

அவரைத் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனதும் டொலறஸ்தான். கடைக்காரர் புதியவற்றைக் காட்ட, இவர் மூலையில் நின்ற, அடிவளையத்தைத் தள்ளி ரவை ஏற்றும் பழைய லீவர் துப்பாக்கியைக் கேட்டார். "இதை நுள்ளிப் பிடிக்கத் தேவையில்லையப்பா. மூண்டு விரலையும் உள்ளுக்கை விட்டுத் தள்ளினாக் காணும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் அதுவும் முரண்டு பிடித்தது. கிளப்பில் துப்பாக்கி திருத்துபவர் சொல்லிக்கொடுத்தபடி தேய்த்தார். உள்ளே இருந்த சுருள்வில்லை எடுத்துவிட்டு மெல்லியது ஒன்றைப் போட்டார். விரல் நோகாமலிருக்க வளையத்துக்குத் தோல் சுற்றித் தைத்தார். கிளப்புக்குப் போன முதல் சனிக்கிழமை வளையம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ரவைதான் வெடிக்கவில்லை. மெல்லிய வில்லுக்கு ரவையை அடிக்கும் வலு போதவில்லை.

செபமாலைமுத்து எழும்பிவிட்டார். "விடும் டொலறஸ். போன கை போனதுதான்."

"உங்கடை கைக்கு ஒண்டுமில்லை. பிழை ஸ்பிரிங்கிலை. வாங்கோ வீட்டை."

அதற்குச் சற்றே வலுவான வில்லைப் போட்டு, கூடின இறுக்கத்தைத் தேய்த்துத் தேய்த்தே குறைத்தார். அதற்கு ஒரு குளிர்காலம் போனது.

போன சனிக்கிழமை செபமாலைமுத்து மறுபடி சுடும் மேசையில் உட்கார்ந்தார். சவரம் செய்திருந்தார். முதல் ரவை வெடித்தது. அடுத்ததற்கு வளையத்தைத் தள்ளினார், பாதியில் நின்றது. பின்னால் நின்ற டொலறஸின் வலக்கை தன்பாட்டில் அவர் முழங்கையை நோக்கி நீண்டது. இடக்கை பாய்ந்து அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

வளையம் இறங்கியது, ஏறியது. ரவை வெடித்தது. டொலறஸ் தன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடியே நின்றார்.