தோள்வலிதானே என்று இருந்துவிட்டோம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உடம்பைப் பற்றி அவர் படும் கவலையைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் ‘நோயாளிகள் சங்கத் தலைவர்’. மஞ்சள் காமாலைக் கிருமி கல்லீரலில் தங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்காமல் அவர் இருந்ததே இல்லை. அவர் மகன்தான் பைக்கில் கூட்டிப்போவான். அவனுக்கும் அதே தொழில், கட்டுமஸ்தான ஆள். வீட்டில் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். “அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்” என்று இவன் டீ குடிக்கப் போய்விடுவான்.

அண்ணன் எழுபதை நெருங்கியபோது ஸ்கேனில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய். ஊசியை உள்ளே செலுத்திச் சுட்டே அழித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த கையோடு, காபியில் சர்க்கரை போதவில்லை என்று மனுஷன் என்னிடம் சண்டை போட்டார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம்.

அந்த வருடமே மகனுக்கு வலது தோளில் வலி. லிஃப்ட் வேலையில் தோள் வலிக்காதவன் யார்? அண்ணனே உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டார். “இந்த வயசுல எனக்கும் இப்படித்தாண்டா இருந்துச்சு” என்று பெருமை வேறு. கல்லீரல் வீங்கினாலும் வலி தோளில் தெரியலாம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வயிறு உப்பிய பிறகுதான் அடித்துப்பிடித்து ஓடினோம். அவனுக்கும் அதே கிருமி, அதே புற்றுநோய்.

“பெரியவருக்குத் தேடிக்கிட்டே இருந்தோம், சின்னதா இருக்கும்போதே சிக்கிடுச்சு. இவருக்கு இளவயசு, உடம்பு தாங்கிடுச்சு, வெளிய தெரியல. இப்ப ரத்தக்குழாய்க்குள்ள போயிடுச்சு, அறுவை சிகிச்சை பண்ண முடியாது. மருந்து குடுத்துப் பாக்கலாம்” என்றார் டாக்டர்.

“என்னோடத வெட்டி அவனுக்கு வைங்க” என்றார் அண்ணன்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடவுள் மேல் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணனின் அடுத்த ஸ்கேனுக்கு நான்தான் கூடப் போனேன். எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நல்ல சேதி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுத மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் கட்டிலில் படுத்தபடியே கேட்டான். “என்னப்பா சொன்னாங்க?”

“எனக்கும் திரும்ப வந்திருக்காம்டா.”

அவன் என்னைப் பார்த்தான். “அத்தை, நிஜத்தைச் சொல்லுங்க.”

எனக்குப் பொய் வரவில்லை. “ஒண்ணும் இல்லடா. நல்லா இருக்காரு.”

எலும்பும் தோலுமாகிவிட்ட கையால் அவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“எனக்குத் துணைக்கு வரப் பாக்கறியா? வராதப்பா. என் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடமே போகல. அவ வளந்து நிக்கறதப் பாக்க நான் இருக்க மாட்டேன். நீயாவது இரு.”

அண்ணன் தலையை ஆட்டினார். அவன் சட்டையை விடவில்லை.

“வாயத் தொறந்து சொல்லுப்பா.”

“இருக்கேண்டா” என்றார் அண்ணன்.