புள்ளிக்கோட்டுக்கு ஒரு மேனேஜர்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் மேனேஜர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே அந்தப் பதவி வந்துவிட்டது. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்தான், அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமா வளைகுடாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்தக் கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு பெட்டிகளோடு காட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கொண்டுவந்த சாக்லேட் தீர்ந்தும் மாமா கிளம்பவில்லை. அதில் எனக்குப் பரம சந்தோஷம்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறை ஆபீசுக்கு ஆள் தேடினார்கள். பட்டறைச் சாமான்களைச் சோதித்துக் கையால் எழுதி வைக்க ஒரு படிவம் வேண்டும். பெயர், அளவு, தேதி, கையொப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு புள்ளிக்கோடு. அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டினால் வேலை உறுதி. கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டதற்கு மாமா தயங்காமல் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதில் அவருக்குத் தெரிந்தது சீட்டாட்டம் மட்டும்தான்.

அப்பாவின் ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் எங்கள் வீட்டில் இருந்தன. என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால், முதலில் எனக்கு நாலுகோட்டுத் தாள் போட்டுப் பழகுவதாக மாமா ஏற்பாடு. அடிக்கோட்டுப் பொத்தானை அமுக்கி அமுக்கி அழகாக ஒரு கோடு போட்டார். அதன் நடுவில் என் பெயரை அடித்துப் பார்த்தார். பெயர் வர வர, கோடு நகர்ந்து அடுத்த வரியில் போய் விழுந்தது. பிறகு எதையோ மூன்று தரம் தட்டி என்டர் அடித்தார். தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தானாக ஒரு கோடு விழுந்தது. அது என்ன செய்தும் அழியவில்லை. உங்க அம்மா பிடிவாதம் அப்படியே இருக்கு என்றார் என்னிடம்.

கடைசியில் முற்றுப்புள்ளிகளையே வரிசையாக அடித்துப் படிவத்தை முடித்து எடுத்துப்போனார். திரையில் எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. தாளிலோ ஒரு வரி நீண்டும் ஒரு வரி குறைந்தும் இருந்தன. வலது ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கிறது என்று அந்த ஆபீஸ் மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை இன்னொரு தரம் காட்டலாம், அதோடு சரி.

அன்று சாயங்காலம்தான் மாமா என்னை மேனேஜராக நியமித்தார். அப்பாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமா திறந்திருந்த கதவைத் தட்டி, "உள்ள வரலாமா மேடம்?" என்று கேட்டுக் கைகட்டி நின்றார். தாளின் வலது ஓரத்தில் என் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கையொப்பத்துக்கு எதிரே ஒரு புள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ட்யூஷன் மிஸ் எங்களைப் பேசுகிற பேச்சையெல்லாம் அவர்மேல் இறக்கினேன். இதெல்லாம் ஒரு கோடா, வீட்டில் சோறுதானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தாளைக் கசக்கி அவர் மேலேயே எறிந்தேன். மாமா குனிந்து பொறுக்கிக்கொண்டு, "சரிங்க மேடம், மாத்திக் கொண்டாறேன்" என்றார். அப்படி ஒரு ஆட்டம் நான் அதுவரை ஆடியதே இல்லை.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"விடுக்கா," என்றார் மாமா. "அவ சரியாத்தான் பண்றா. அங்க மேனேஜரா இருக்கவனுக்கு என்னைவிடப் பத்து வயசு கம்மி."

அம்மா உள்ளே போய்விட்டாள். வயதுக்கும் என் தலையில் விழுந்த குட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கோவமா திட்டு பாப்பா," என்று மாமா கேட்டுக்கொண்டதால் அடுத்த தாளுக்கு இன்னும் கோபமாகத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவுக்குச் சூட்சுமம் அகப்பட்டது. வலது ஓரத்தில் ஓர் இடத்தைக் குறித்து, அதுவரை புள்ளி வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்துவிட்டால் போதும். டேப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் புள்ளிகள் தாமாக ஓடிப்போய் அந்த இடத்தில் நின்றன. பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி எல்லா வரியும் ஒரே ஓரத்தில் முடிந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்து, "போகலாம்," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதே படிவத்தைக் கையெழுத்தில்லாமல் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு மாமா திங்கட்கிழமை கிளம்பினார்.

சாயங்காலம் முந்திரி பக்கோடாவோடு வந்து கதவைத் தட்டினார். "உள்ள வரலாமா மேடம்? வேலை கிடைச்சிருச்சு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்துக்கு எதற்கு அழுவது என்று நினைத்தேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அந்த மேனேஜர் திட்டினாரா என்று கேட்டேன்.

"சேச்சே. உன் அளவுக்கெல்லாம் அவருக்குக் கோவம் வராது."

பெருமை தாங்காமல் பக்கோடாவை எடுக்க அவர் பையைத் திறந்தேன். பொட்டலத்துக்கு அடியில் அவர் காட்டக் கொண்டுபோன, என் கையெழுத்தில்லாத பிரதி இருந்தது. ஓரம் நேராகத்தான் இருந்தது. தாள் மட்டும் பந்தாகச் சுருட்டிப் பிரித்தது போலக் கசங்கி, யாரோ உள்ளங்கையால் நீவிவிட்டது மாதிரி இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை இப்படியா கசக்கி வைப்பது என்று மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கைகட்டி நின்றார். "தப்புதாங்க மேடம். இனிமே பத்திரமா வச்சுக்கறேன்."

அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த மேனேஜரைவிட நான்தான் கறார் என்ற நிம்மதியில் நான் பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்தேன்.